சூரியப் படங்களும் கோப்புப் பெயர்களும்

பழனிமலைத் தொடரின் மேல், கொடைக்கானல் நகரின் சந்தடியிலிருந்து சற்றே விலகி, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,343 மீட்டர் உயரத்தில் ஒரு வானாய்வுக்கூடம் நிற்கிறது. கோடையில் வருவோர் ஏரியையும் தூண்பாறையையும் கண்டு களித்துத் திரும்புகின்றனர். இக்கூடத்தின் வாயில்வரை வருவோர் சிலரே. ஆயினும் இம்மலை உலகத்துக்கு அளித்த செல்வங்களுள் தலையாயது எது என்று என்னைக் கேட்டால், பழமும் அன்று, காபியும் அன்று, அங்குச் சேர்ந்துள்ள சூரியப் படங்களே என்பேன். அப்படங்களைப் பற்றியும், அவற்றைப் போன்ற ஏடுகளைக் கணிப்பொறியில் ஏற்றும்போது எழும் ஒரு சிறிய, ஆனால் சிக்கலான வினாவைப் பற்றியும் இன்று சில கூற விழைகிறேன். அவ்வினா, கோப்புக்குப் பெயர் வைப்பது எப்படி என்பதாகும்.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். 1792ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் ஒரு வானாய்வுக்கூடத்தைக் கட்டினர். அதன் வழித்தோன்றலே கொடைக்கானல் கூடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியது. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் நம் பருவமழைக்கும் தொடர்பு உண்டோ என்று அறிஞர்கள் ஆராய விரும்பினர். மைக்கி ஸ்மித் என்பார் தென்னாட்டு மலைகளை ஆராய்ந்து இவ்விடத்தைத் தேர்ந்தார். 1899இல் கூடம் இங்கு அமைந்தது. 1901இல் நோக்குப் பணி தொடங்கிற்று. 1904 முதல் வானம் தெளிந்த நாள்களிலெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. முதலில் கண்ணாடித் தகடுகள், பின்னர்ப் படச்சுருள்கள் என அவை நூற்றாண்டுக் கணக்கில் குவிந்தன.

இவ்விடத்திலேதான் 1909ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 5ஆம் நாள் ஜான் எவர்ஷெட் என்னும் அறிஞர் ஓர் அரிய உண்மையைக் கண்டார். கரும்புள்ளியின் மங்கலான ஓரப்பகுதியில் வாயுக்கள் நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடுகின்றன என்பதை நிறமாலைப் படங்களின் கோடுகள் அவருக்குக் காட்டின. இன்றும் உலகெங்கும் வானியல் நூல்களில் அது ‘எவர்ஷெட் விளைவு’ என்றே வழங்குகிறது. இப்போது இக்கூடம், 1971இல் தன்னாட்சி பெற்ற இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. பழைய தகடுகள் எண்முறைப் படங்களாக மாற்றப்பட்டு, உலகின் எம்மூலையிலுள்ள ஆய்வாளரும் பயன்கொள்ளும் நிலைக்கு வந்துள்ளன.

தகட்டைக் கணிப்பொறிக் கோப்பாக மாற்றியதும் அதற்கு ஒரு பெயர் வேண்டும். தகட்டுக்கு உறை உண்டு. உறையின்மேல் மையால் எதையும் எழுதலாம். எழுத்து மங்கினால் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படிக்கலாம். ஐயம் எழுந்தால் அருகிலுள்ள முதியவரைக் கேட்கலாம். கணிப்பொறிக்கு அந்தப் பொறுமை இல்லை. தான் ஏற்கும் எழுத்துகளில், தான் ஏற்கும் நீளத்தில், தனக்கு ஒப்பிய முறையில் பெயர் இருந்தாலன்றி அது கோப்பை வாங்காது. பொறிக்குப் பொறி அவ்விதிகள் வேறுபடவும் செய்கின்றன.

ஆசிரியப் பணியிலிருந்தோர்க்கு இதன் முதல் விதி புதிதன்று. பழனி வட்டாரத்துப் பள்ளியில் ஒரே வகுப்பில் மூன்று தண்டபாணிகளும் நான்கு பழனிச்சாமிகளும் இருப்பர். வருகைப் பதிவேட்டில் தந்தை பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து அவர்களைப் பிரித்தறிவோம். அதுவும் ஒன்றாக இருந்தால் ஊர்ப்பெயரைச் சேர்ப்போம். கணிப்பொறியிலும் ஒரே கோப்புறைக்குள் ஒரே பெயரில் இரு கோப்புகள் இருத்தல் ஆகாது. இவ்வொரு விதியில் எல்லாப் பொறிகளும் உடன்படுகின்றன. ஆனால் ‘ஒரே பெயர்’ என்றால் என்ன என்பதில்தான் அவை முரண்படுகின்றன.

இனி ஓர் எடுத்துக்காட்டைக் கைக்கொள்வோம். எவர்ஷெட் கண்ட அந்நாளின் படமொன்றுக்கு, ‘சூரியன் 05/01/1909 08:30’ என்று நாம் பெயர் வைப்பதாகக் கொள்வோம். மணியை நான் எடுத்துக்காட்டுக்காகவே சேர்த்தேன். மனிதர் கண்ணுக்கு இதில் குற்றமொன்றும் தோன்றாது. கணிப்பொறிகள் இதை எவ்வாறு பார்க்கும்?

1974ஆம் ஆண்டளவில் கேரி கில்டால் என்பவர் சிறு கணிப்பொறிகளுக்காக சிபிஎம் என்னும் இயங்குதளத்தை ஆக்கினார். அக்காலத்து வட்டுகளில் இடம் மிகக் குறைவு. ஒவ்வொரு கோப்பைப் பற்றிய குறிப்புக்கும் 32 பைட்டுகளே ஒதுக்கப்பட்டன. அதில் பெயருக்கு 8 எழுத்து, வகையைக் காட்டும் பின்னொட்டுக்கு 3 எழுத்து என்று வரையறுத்தனர். 1981இல் வந்த டாஸ் இயங்குதளமும் இவ்வளவையே மேற்கொண்டது. எட்டும் மூன்றும் என்ற இக்கட்டு, 1995இல் விண்டோஸ் 95 வெளிவரும் வரையில் நம் அலுவலகங்களை ஆண்டது. ‘சூரியன் 05/01/1909 08:30’ என்னும் பெயர் அங்கு நீளத்தினாலேயே தோற்றுப்போகும்.

மற்றொருபுறம், 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஒரு கோப்பின் குறிப்புக்கு 16 பைட்டுகள் இருந்தன. அவற்றுள் இரண்டு உள்ளெண்ணுக்குப் போக, எஞ்சிய 14 பெயருக்கு. 1983இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தினர் இதை 255 ஆக உயர்த்தினர். இன்றைய லினக்ஸ் முறைமைகளிலும் பெரும்பாலும் இவ்வெல்லையே வழங்குகிறது. எழுத்துகளைப் பற்றி யூனிக்ஸ் மிகத் தாராளமானது. சாய்கோடும், பெயரின் முடிவைக் குறிக்கும் வெற்றுக்குறியும் நீங்கலாக எதையும் ஏற்கும்.

சாய்கோட்டுக்கு ஏன் அத்தடை? கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் கோப்பு என்று வழி காட்டும் குறி அங்குச் சாய்கோடே. நாம் 05/01/1909 என்று எழுதினால், ‘05 என்ற அறைக்குள் 01 என்ற அறை, அதற்குள் 1909’ என்று அது பொருள் கொள்ளும். டாஸின் முதற்பதிப்பில் கோப்புறைகளே இல்லை. கட்டளைகளுக்குத் துணைக்குறியாகச் சாய்கோட்டைப் பயன்படுத்தி வந்தனர். 1983இல் இரண்டாம் பதிப்பில் கோப்புறைகள் வந்தபோது அக்குறி ஏற்கெனவே வேறு பணியில் இருந்தமையால், எதிர்ப்புறம் சாய்ந்த கோட்டை வழிகாட்டியாக்கினர். ஒரு தலைமுறை மாணவர் ‘எந்தப் பக்கம் சாயும் கோடு?’ என்று திகைத்ததற்கு இதுவே காரணம். விண்டோஸில் இன்று இரு சாய்கோடுகளும் பெயரில் இடம்பெறலாகா. வினாக்குறி, உடுக்குறி, இரட்டை மேற்கோட்குறி, கோணப் பிறைகள், நேர்கோடு ஆகியவையும் விலக்கப்பட்டவை.

08:30 என்பதிலுள்ள முக்காற்புள்ளிக்கும் இதே கதிதான். டாஸில் அது வட்டின் பெயரைச் சுட்டும் குறி. 1984இல் வந்த ஆப்பிள் மேக் பொறியிலோ அதுவே கோப்புறைகளைப் பிரிக்கும் குறி. பிற்காலத்தில் மேக் இயங்குதளம் யூனிக்ஸ் அடித்தளத்தின்மேல் எழுப்பப்பட்டபோது ஒரு வேடிக்கையான உடன்பாடு ஏற்பட்டது. திரையில் நாம் சாய்கோடிட்டுப் பெயர் எழுதினால், அடித்தளத்தில் அது முக்காற்புள்ளியாகச் சேமிக்கப்படும். ஒரே கோப்புக்கு மாடியில் ஒரு பெயர், கீழ்த்தளத்தில் ஒரு பெயர்!

டாஸ் விட்டுச்சென்ற மற்றொரு மரபும் உண்டு. விசைப்பலகையும் திரையும் சேர்ந்த கருவிக்குச் சி-ஓ-என் என்றும், அச்சுப்பொறிக்குப் பி-ஆர்-என் என்றும் அதில் பெயர். கோப்புறைகள் இல்லாத காலத்தில் எங்கிருந்து அழைத்தாலும் கருவி மறுமொழி தரவேண்டும் என்று இப்பெயர்களை ஒதுக்கி வைத்தனர். பின்னர்க் கோப்புறைகள் வந்தபோதும் பழைய நிரல்கள் கெடாதிருக்க, எல்லாக் கோப்புறைகளிலும் அவை ஒதுக்கப்பட்டே நின்றன. வானியலார் ஒருவர் ‘தொடர் நிறமாலை’க்குரிய ஆங்கிலச் சொல்லை மூன்றெழுத்தாகச் சுருக்கி சி-ஓ-என் என்று கோப்புறைக்குப் பெயரிட்டால், லினக்ஸ் ஏற்கும், விண்டோஸ் மறுக்கும். காரணம் கேட்டால், நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விசைப்பலகைக்கு இட்ட பெயர் என்பதே விடை.

குறிகளை விடுத்து நாளையே நோக்குவோம். 05/01/1909 என்பது நமக்கு ஜனவரி 5. அமெரிக்கருக்கு மே 1. ஆண்டை இரண்டிலக்கமாகச் சுருக்கி 05/01/09 என்றெழுதினாலோ, அது 1909ஆ, 2009ஆ என்னும் ஐயமும் சேரும். நூற்றாண்டைத் தாண்டிய ஏடுகளுக்கு இது வெறும் வேடிக்கையன்று. வானியலார் தம் படங்களைச் சேமிக்கப் பொதுவாக வழங்கும் ஃபிட்ஸ் என்னும் கோப்பு வடிவம் 1981இல் வெளியிடப்பட்டது. அதன் தலைப்புக் குறிப்பில் நோக்கிய நாளை, நாள், திங்கள், ஈரிலக்க ஆண்டு என்றே முதலில் எழுதி வந்தனர். புத்தாயிரம் நெருங்கியபோது இதன் இடர் தெளிவாயிற்று. 2000ஆம் ஆண்டு தொடங்கும்போது, நான்கிலக்க ஆண்டு முதலிலும் திங்கள் இடையிலும் நாள் இறுதியிலும் வரவேண்டும் என்ற முறை கட்டாயமாயிற்று.

ஆண்டை முன்னிறுத்துவதில் மற்றொரு நலமும் உண்டு. கணிப்பொறி பெயர்களை இடமிருந்து வலமாக ஒப்பிட்டு அடுக்குகிறது. நாளை முதலில் எழுதினால் எல்லா ஆண்டுகளின் ஐந்தாம் நாள்களும் ஓரிடத்தில் குவியும். 1909-01-05 என்று எழுதினாலோ பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். மணிக்கும் இவ்வாறு எச்சரிக்கை வேண்டும். 1906 ஜனவரி 1ஆம் நாள்தான் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் இருப்புப்பாதைகளில் வழங்கிய சென்னை நேரம் கிரீனிச் நேரத்தினும் ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முந்தியது. திட்ட நேரம் ஐந்தரை மணி முந்தியது. ஆகவே 1905ஆம் ஆண்டின் ஏடொன்றில் ‘எட்டரை மணி’ என்றிருந்தால், எந்தக் கடிகாரத்தின் எட்டரை என்று கேட்டல் வேண்டும். இல்லையேல் ஒன்பது நிமிடம் வழுவும்.

இதுகாறும் கூறியவை ஆங்கில எழுத்தும் எண்ணும் படும் பாடு. பெயரைத் தமிழில் எழுதப் புகுந்தால் இடர் வேறு திசையிலிருந்து வருகிறது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு உண்டு. யூனிக்ஸ் அவ்விரண்டையும் வெவ்வேறாகக் கொள்ளும். விண்டோஸும் மேக்கும் வழக்கமாக ஒன்றாகக் கொள்ளும். தமிழுக்கு அத்தொல்லை இல்லை என்று நாம் மகிழலாம். ஆனால் நமக்கென்று ஒன்று காத்திருக்கிறது. அது கொடைக்கானல் என்னும் பெயரின் முதலெழுத்திலேயே இருக்கிறது.

கரும்பலகையில் ‘கொ’ என்று எழுதும்போது ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என மூன்று உறுப்புகளை எழுதுகிறோம். உலகப் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் இதனை இருவகையாகச் சேமிக்கலாம். ககரத்தின்பின் ஒகரக் குறியை ஒரே எண்ணாக வைப்பது ஒரு வகை. ககரத்தின்பின் கொம்பை ஓர் எண்ணாகவும் காலை மற்றோர் எண்ணாகவும் வைப்பது மறுவகை. திரையில் இரண்டும் ஒன்றே. கண்ணால் வேறுபாடு காண இயலாது. இரண்டையும் நிகரெனக் கொள்க என்பதே யூனிகோடின் நெறி. ஆயினும் கோப்பு முறைமைகள் அந்நெறியை ஒருபடித்தாகப் பின்பற்றவில்லை. 1998இல் ஆப்பிள் கொணர்ந்த கோப்பு முறைமை, நாம் எவ்வாறு எழுதினும் பெயரைப் பிரித்தே சேமித்தது. விண்டோஸும் லினக்ஸும் கொடுத்ததைக் கொடுத்தவாறே வைத்துக்கொள்கின்றன. எண் வேறாயின் பெயரும் வேறு என்கின்றன. பழனி என்னும் பெயரில் இத்தகைய குறி இல்லையாதலால் அதற்கு இவ்விடர் இல்லை. கொடைக்கானல், கோம்பை, போடி போன்ற ஊர்ப்பெயர்கள் யாவும் இதற்கு ஆட்படும்.

இதன் விலையை நானே கொடுத்தவன். 2014ஆம் ஆண்டில், மலையடிவாரத்துப் பள்ளியொன்றில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, எங்கள் மாணவர் சிலர் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பூம்பாறை ஆகிய மலையூர்களின் முதியோரைக் கண்டு, பழைய மலைப்பாதைகளையும் பொதிமாடுகள் சென்ற வழிகளையும் பற்றி அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்தனர். பதினான்கு குரல்கள். உடனாசிரியர் ஒருவர் அவற்றைத் தம் பழைய ஆப்பிள் பொறியில் ‘கொடைக்கானல்’ என்ற கோப்புறையில் தொகுத்து, ஒரே கட்டாகச் சுருக்கி எனக்குத் தந்தார். பள்ளியின் விண்டோஸ் பொறியில் என்னிடமும் ‘கொடைக்கானல்’ என்றே ஒரு கோப்புறை இருந்தது; அதில் படங்களும் தட்டெழுதிய குறிப்புகளும் வைத்திருந்தேன். கட்டைப் பிரித்ததும் ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் அருகருகே நின்றன. ஒரே பெயரில் இரண்டு இருக்க ஒண்ணாது என்று பல்லாண்டு கற்பித்தவன் நான். பொறி தவறுதலாகப் படி எடுத்துவிட்டது என்று கருதி, திறந்தும் பாராமல் ஒன்றை அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். சில வாரங்கள் கழித்துக் குரல்களைத் தேடியபோதுதான் அழித்தது எதுவென்று தெரிந்தது. அந்த ஆசிரியரும் அதற்குள் இடம் போதாமையால் தம் பொறியைத் துடைத்துவிட்டிருந்தார். மாணவர் மீண்டும் மலையேறினர். பதினோரு பேரிடம் மறுபடி பதிவு செய்தனர். இருவர் மக்களோடு வெளியூர் சென்றுவிட்டனர். ஒரு மூதாட்டி காலமாகிவிட்டார். அவர் சொன்ன பாதை எதுவென்று இன்று சொல்வாரில்லை.

நேயர்களே, குற்றம் பொறியுடையது அன்று. விதியை அறியாது விரைந்த என்னுடையது. ஆப்பிள் நிறுவனத்தார் 2017இல் கணிப்பொறிகளுக்குக் கொணர்ந்த புதிய கோப்பு முறைமை, இரு வகை எழுத்தையும் ஒரே பெயராகக் கருதுகிறது. ஆயினும் பழைய கட்டுகளும் பழைய வட்டுகளும் நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் இன்னும் இருக்கின்றன.

நீளத்திலும் தமிழுக்குத் தனிக் கணக்கு உண்டு. கொடைக்கானல் என்பது நம் எண்ணிக்கையில் ஆறு எழுத்து. யூனிகோடில் பதினொரு குறிகள்; பிரித்தெழுதினால் பன்னிரண்டு. லினக்ஸில் வழங்கும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் செலவாகும். ஆகவே 255 பைட்டு எல்லைக்குள் 85 குறிகளே அடங்கும். கட்டுரைத் தலைப்பு முழுவதையும் கோப்பின் பெயராக்குவோர் இதை நினைவிற் கொள்ளல் வேண்டும். அகரவரிசையும் அவ்வாறே. யூனிகோடில் றன்னகரம் தந்நகரத்தை அடுத்து நிற்பதால், எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் பொறி ‘பனி’யைப் ‘பயிரு’க்கு முன்னே வைக்கும், நம் அகராதியோ பின்னே வைக்கும்.

ஆயின் தமிழிற் பெயர் வைப்பதைக் கைவிடுவதா? அவ்வாறு கூறுவோர் உளர். நான் உடன்படேன். ஆங்கிலத்தில் எழுதினால் இம்மலையின் பெயரே பலவாகிறது. பழைய ஆவணங்களில் ஒரு வகை, நிலப்படத்தில் ஒரு வகை, இன்றைய அரசாணையில் ஒரு வகை என்று எழுத்துக் கூட்டல் மாறுகிறது. தமிழிலும் பழனி, பழநி என்று இரண்டு வழங்குகின்றன. இடர் மொழியில் இல்லை. முன்கூட்டி ஒரு முறையை வகுத்து அதனின் வழுவாது நிற்றலில்தான் இருக்கிறது.

அம்முறை எளிது. நாளை ஆண்டு, திங்கள், நாள் என்ற வரிசையில், நான்கிலக்க ஆண்டோடு முதலில் எழுதுக. சாய்கோட்டுக்கும் முக்காற்புள்ளிக்கும் மாற்றாக இடைக்கோடு இடுக. ஊர்ப்பெயரை எவ்வாறு எழுதுவது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்து, ஒரே விசைப்பலகை முறையால் எழுதுக. பெயரிற் கொள்ளாத செய்திகளைக் கோப்புறைக்குள் ஒரு தனிப் பட்டியலில் எழுதி வைக்க. எந்தக் கடிகாரத்து மணி என்பதும் அப்பட்டியலில் இருக்கட்டும். எல்லாவற்றினும் மேலாக, இரண்டு கோப்புறைகள் ஒரே பெயரில் தோன்றினால், திறந்து பாராமல் எதையும் அழியற்க.

எவர்ஷெட் தம் தகட்டுக்குக் குறிப்பு எழுதியபோது, நூறாண்டு கழிந்து அதனை ஒரு பொறி படிக்கும் என்று எண்ணியிருக்க மாட்டார். ஆயினும் தம்மை அறியாத ஒருவர் படித்து அறியும்படி நாளும் குறிப்பும் எழுதும் பழக்கம் அக்கால நோக்கர்களிடம் இருந்தது. அப்பழக்கத்தால்தான் தகடுகள் இன்று பொருளுள்ள படங்களாயின. நம் வீட்டுத் திருமணப் படமாயினும், பள்ளியின் பதிவேடாயினும், மலைநாட்டு மூதாட்டியின் குரலாயினும், அதற்கு நாம் இடும் பெயரைப் பின்னாளில் வேறொருவர் வேறொரு பொறியில் திறந்து பார்ப்பார். அவர் நம்மிடம் வந்து கேட்க இயலாது. அதை மனத்திற் கொண்டு இன்று பெயரிடுவோமாக.